எடுத்துக்காட்டில் மாட்டிக்கொண்டவர்கள்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் திருவேங்கடம் சாலை பிரியும் இடத்தில், பிச்சையாவின் டீக்கடைக்கு மேல்மாடியில், அரசு வேலைக்கு ஆள் தயாரிக்கும் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. அங்கே தமிழ் நடத்துகிறவர் சுந்தரராஜ். எம்.ஏ., பி.எட்., எம்.ஃபில். வயது ஐம்பத்திரண்டு. உயரம் சுமார், குரல் சுமார், பயம் மட்டும் தாராளம். நாயைக் கண்டால் பயப்படுவார். நாய் இல்லாத தெருவில், இருந்த நாய் எங்கே போயிற்று என்று பயப்படுவார். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்புவார். திரும்பியதால் நேரமாகிவிடும், நேரமானதால் வேகமாகப் போய் விழுந்துவிடுவோமோ என்று ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வருவார். இப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து ஒரு கடைத்தெருவே நடுங்கிக் கிடந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் இப்போது ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாம் ஒரு கரும்பலகையால் வந்தது. மாடிப்படியின் அடியில், ரோட்டைப் பார்த்தபடி அது மாட்டியிருந்தது. தினமும் காலையில் சுந்தரராஜ் அதில் ஓர் அருஞ்சொல்லை எழுதுவார்; பக்கத்தில் பொருள்; கீழே அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம். தேர்வில் கேட்கும் பழைய சொற்களை அகரவரிசைப்படி, ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வந்தார்.

வாக்கியம் எழுதுவதில் அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. கண்ணன், மாலா என்று முகம் தெரியாதவர்களைக் கொண்டுவரக் கூடாது. கண்ணன் கிணற்றில் விழுந்தாலும் எந்த மாணவனும் எட்டிப் பார்ப்பதில்லை. "தெரிஞ்ச ஆளு பேரப் போட்டாத்தான் மக்கா சொல்லு மண்டையில நிக்கும்" என்பார். பலன் இருந்தது. பனவடலிசத்திரத்திலிருந்து வரும் அப்ரீன் பானு, மாதிரித் தேர்வில் ஐந்து அருஞ்சொல் கேட்டால் ஐந்துக்கும் பொருள் எழுதிவிட்டு, சம்பந்தப்பட்டவர்களின் கடை முகவரியையும் சொல்லக்கூடியவளாக இருந்தாள்.

ஒரே ஒரு சிக்கல். நல்லதைச் சொல்ல நாலு சொல் போதும் என்று முன்னோர்கள் நினைத்திருக்க வேண்டும். தேய, சரிய, நோக, அழியத்தான் ஆளுக்கொரு சொல்லாகச் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலில் வம்பு செய்த சொல் 'அஃகுதல்'. குறைதல், சுருங்குதல் என்று பொருள். 'மன்சூர் அலியின் வியாபாரம் அஃகியது' என்று எழுதினார் சுந்தரராஜ். எதிரே நைட்டிக் கடை வைத்திருக்கும் மன்சூர் அலி, தன் பெயர் பலகையில் ஏறிய பெருமையில் அதைப் படம் பிடித்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார். பொருளைப் படிக்கவில்லை. அந்த வாரமே இரண்டு கடை தள்ளி மூன்று மாடி ஜவுளிக்கடை திறந்தார்கள். நைட்டி வாங்கினால் பிளாஸ்டிக் வாளி இலவசம். மன்சூர் அலி கடையில் ஈ உட்காரவும் யோசித்தது. அந்தக் கட்டடம் ஒன்றரை வருடமாக எழும்பிக்கொண்டிருந்தது, அதன் சிமெண்ட் தூசியைத் தினமும் நைட்டியிலிருந்து தட்டியவரே மன்சூர் அலிதான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்து மாட்டியது 'எயிறு'. பல். 'கோமதித்தாயின் எயிறு ஆடியது.' பேன்சி ஸ்டோர் கோமதித்தாய்க்கு மறுநாள் முறுக்கோடு ஒரு பல்லும் சேர்ந்து வந்துவிட்டது. அவருக்கு வயது எழுபத்தொன்று. பல் ஆட ஆரம்பித்து ஆறு மாதம். அதையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவதாகத்தான் 'ஞிமிறு' வந்தது. வண்டு, தேனீ. 'பிச்சையாவை ஞிமிறு கொட்டியது.'

மறுநாள் காலையில் சீனி டப்பாவைத் திறந்த பிச்சையாவைத் தேனீ இமையிலேயே கொட்டியது. கோயிலுக்கு ஓடிப் புற்றுமண் வாங்கிக் குழைத்துப் பூசிக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு மாடியேறி வந்தார்.

"சார், ஒங்க டீயில நான் என்னைக்காவது தண்ணி கலந்திருக்கேனா?"

"பிச்சையா, அது எடுத்துக்காட்டு."

"அதான் காட்டிட்டீயளே. இன்னும் எங்கன காட்டணும்?"

"சீனி இருந்தா தேனீ வரத்தாம்யா செய்யும்."

"இருவது வருசமா சீனி இருக்கு சார். நீங்க பேரு போட்ட மறுநாளுதான் அதுக்கு வழி தெரிஞ்சிருக்கு."

அன்று மதியத்துக்குள் கடைத்தெரு ஒரு முடிவுக்கு வந்தது. சாருக்குக் கருநாக்கு. சொன்னால் பலிக்கும், எழுதினால் கட்டாயம் பலிக்கும்.

சுந்தரராஜ் கொட்டாவி விட்டால் நாலு பேர் குனிந்து உள்ளே பார்த்தார்கள். வீட்டில் ஞானதீபமும் செல்போன் வெளிச்சத்தில் கணவரின் நாக்கைச் சோதித்தாள். "ஓரத்துல கறுப்பா ஒண்ணு கெடக்கு. நாவப்பழம் தின்னீயளா?" என்றாள். அவர் தின்றிருந்தார். ஆனால் தின்றோமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கருநாக்கு என்ற ஒன்று கிடையாது என்பதில் அவருக்கு உறுதி உண்டு. படித்தவர், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர். இல்லாத அந்தச் சமாச்சாரம் தமக்கு இருந்துவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய பயம்.

மரியாதை கூடியது. கேட்காமலே டீ மேலே வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுப் பிடித்துக் கொடுத்தார். காலையில் பலகை எழுதி முடிந்ததும் ரோட்டின் எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் நின்று, அப்ரீன் பானுவைப் பார்த்து "ஏ பிள்ளே, இன்னைக்கு யாரு?" என்று கேட்டது. தம் பெயர் இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டு, இருந்தவருக்காக மனமாரப் பரிதாபப்பட்டுவிட்டுக் கடை திறந்தது. இந்த மரியாதை சுந்தரராஜுக்குப் பிடிக்கவில்லை. பயந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவரே அந்த ஜாதி.

அவர் பயந்தது சரியாகப் போயிற்று. வியாபாரிகள் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர். ஒருவர் இரும்புக்கடை சங்கரபாண்டியன். அவர் பேசினால் அடுக்கி வைத்த பெயிண்ட் டப்பாக்கள் அதிரும். இன்னொருவர் மைதீன். சவூதியில் பல வருடம் இருந்து சம்பாதித்து, பிச்சையாவின் டீக்கடை இருக்கும் கட்டடத்தைக் கட்டி, மாடியில் பயிற்சி மையத்தையும் தொடங்கியவர். ஆகவே சுந்தரராஜுக்கு அவர்தான் முதலாளி. மெதுவாகப் பேசுவார், அவர் வருமுன் அவருடைய அத்தர் வாசனை வந்து இடம் பிடித்துவிடும்.

முதலில் சங்கரபாண்டியன் வந்தார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் கதவைச் சாத்திவிட்டு மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது.

"நாளைக்கு என்ன சொல்லு சார்?"

"துளங்குதல் அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"அசையிறது. நெல கலங்குறது."

சங்கரபாண்டியன் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றார். "நல்ல சொல்லு. 'மைதீன் துளங்கினார்.' எழுதிருங்க."

"அண்ணாச்சி, மைதீன் பாய் எனக்குச் சம்பளம் தாரவரு."

"உயிருக்கெல்லாம் ஒண்ணும் வேண்டாம் சார். நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. ஓட்டு எண்ணுத அன்னைக்கி வரைக்கும் துளங்குனாப் போதும். பொறவு நல்லா இருக்கட்டும்."

"இதெல்லாம் மூடநம்பிக்கை அண்ணாச்சி."

"நானும் அதத்தான் சொல்லுதேன். மூடநம்பிக்கைன்னா எழுதுததுல ஒமக்கு என்னவே நட்டம்?"

சார் 'வே'யாக மாறியதைச் சுந்தரராஜ் கவனித்தார். திருநெல்வேலிச் சீமையில் அன்பு முற்றினாலும் 'வே' வரும். அடி விழுமுன்னும் வரும். எது என்று கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டும். அவருக்குப் பார்க்கத் தைரியம் இல்லை.

எழுந்துபோகும்போது சங்கரபாண்டியன் கதவருகில் நின்றார். "கடைக்குப் புதுசா கடப்பாரை வந்திருக்கு சார். வந்து பாருங்க. நல்ல கனம்."

அவர் இறங்கிப்போய்ச் சிறிது நேரத்தில் அத்தர் வாசனை வந்தது. பின்னாலேயே மைதீன்.

"அண்ணாச்சி வந்துட்டுப் போனாவளாமே?"

சுந்தரராஜ் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி ஆட்டினார்.

"நமக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாது சார். மார்க்கத்துல கூடாது. ஆனா அண்ணாச்சிக்கு நம்பிக்கை இருக்கு பாருங்க. அவரு நம்பிக்கைய நாம மதிக்கணும்லா? அதனால அவரு பேரையே போட்டுருங்க."

"பாய்..."

"என் பேரு மட்டும் வேண்டாம். பலா முசீபத்து, கஷ்ட நஷ்டமெல்லாம் இந்த வயசுல தாங்காது." பேச்சு தாலாட்டுப் போல இருந்தது. "நேத்துகூட ஒரு பையன் தமிழ் எடுக்க வேலை கேட்டு வந்தான். நல்ல பையன். நான்தான் 'நம்ம சாரு இருக்காவளே'ன்னு சொல்லி அனுப்பிச்சேன். அவன் நம்பர வாங்கி வச்சிருக்கேன்."

சாயங்காலம் வீட்டில் சுந்தரராஜ் சாப்பிடவில்லை. விஷயத்தைக் கேட்ட ஞானதீபம், "நாளைக்கு லீவு போடுங்க" என்றாள்.

"லீவு போட்டா ரெண்டு பேரும் வீட்டுக்கு வருவாங்க."

"அப்ப போங்க" என்றாள் ஞானதீபம், உடனே.

மறுநாள் கடைகள் திறக்குமுன்பே வந்துவிட்டார். 'துளங்குதல்' என்று எழுதினார். பொருள் எழுதினார். கீழே 'மைதீன்' என்று எழுதினார். எழுதியதும் நம்பர் வாங்கி வைக்கப்பட்ட அந்த நல்ல பையன் கண்முன் வந்தான். அவசரமாக அழித்தார். 'சங்கரபாண்டியன்' என்று எழுதினார். 'ன்'னுக்குப் புள்ளி வைக்கும்போது கடப்பாரையின் கனம் கையில் தெரிந்தது. அதையும் அழித்தார். மறுபடி மைதீன், மறுபடி அழிப்பு. உள்ளங்கை வியர்வையில் சுண்ணாம்பு குழைந்து பலகையெங்கும் வெள்ளையாக அப்பியது. தூரத்தில் டவுன் பஸ் ஹார்ன் அடித்தது. அதற்கே துள்ளி, சாக்பீஸைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

பெயர் எழுதாவிட்டால் யாருக்கும் வம்பில்லை என்று அவர் நினைத்தார். நாற்பது வருடம் பயந்த அனுபவம் இருந்தும், பயம் என்பது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை.

கடை திறக்க வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள். சொல் இருந்தது. பொருள் இருந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் புகை மாதிரி ஒரு தீற்றல். பெயர் எழுதியிருந்தாலாவது ஒருவன் போனான் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

"அந்தா, 'ம' தெரியுதுல்லா?" என்றார் மன்சூர் அலி.

"'ம' இல்லவே, அது 'பி'. மேல வளைவு தெரியுது பாரும்" என்றார் பிச்சையா, நல்ல கண்ணால் உற்றுப் பார்த்து.

கோமதித்தாய் அதைப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த பற்களைக் கையால் மூடிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். ஆள் ஆளுக்குத் தங்கள் எழுத்தைக் கண்டுபிடித்தார்கள். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் தெரிந்தது. பத்து மணிக்குள் மூன்று கடை ஷட்டரை இறக்கிவிட்டது. ஒருவர் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், காய்ச்சல் இல்லை என்று சொன்ன டாக்டரோடு சண்டை போட்டார்.

உச்சிவேளைக்கு அத்தர் வாசனை படியேறியது. சுந்தரராஜ் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். மைதீனும் சங்கரபாண்டியனும் சேர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். சேர்ந்து வருகிறார்கள் என்றால் பங்கு போட்டுக்கொள்ளத்தான் என்று நினைத்தார். ஆனால் கதவைத் திறந்ததும் கண்டது வேறு. இரும்புக்கடைக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எழுதிட்டு அழிச்சீரா, அழிச்சிட்டு எழுதுனீரா?" சங்கரபாண்டியன் கிசுகிசுத்தார். அந்தத் தொண்டைக்குள் அப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும்.

சுந்தரராஜ் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அழிச்சாப் போயிரும்லா சார்?" என்றார் மைதீன். "எழுத்துப் போனாலும் சுண்ணாம்பு பலகையிலதானே இருக்கு? அதுக்கு என்ன கணக்கு?"

சுந்தரராஜ் எச்சில் விழுங்கினார். அந்தச் சத்தத்தை இருவரும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். மைதீன் சுவரைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்வையாலேயே இருவரும் கலந்து பேசினார்கள். வியாபாரிகள் சங்க வரலாற்றில் அவர்கள் ஒத்துப்போன முதல் தீர்மானம் அங்கே நிறைவேறியது.

"இனி அடுத்தவன் பேரு பலகையில வரப்பிடாது" என்றார் சங்கரபாண்டியன். "வாக்கியம் ஒம்முது. பேரும் ஒம்முதாவே இருக்கட்டும்."

"எழுதாமலும் இருந்துறக் கூடாது சார்" என்று மைதீன் சேர்த்துக்கொண்டார். "நிறுத்திட்டீயன்னா மனசுக்குள்ள எங்க பேர எழுதுதீயன்னு ஆயிரும். ஒரு சொல்லு விடாம வரணும்."

அன்று முதல் சுந்தரராஜே தம் வாக்கியங்களில் குடியேறினார். 'நறவு', தேன்: 'சுந்தரராஜ் நறவு பருகினார்' என்று எழுதிச் சமாளித்தார். 'நுதல்', நெற்றி: 'சுந்தரராஜின் நுதல் அகன்றது' என்றதும் அவருடைய தலைமுடி ஒரு விரற்கடை பின்வாங்கிவிட்டதாகத் தெருவில் அளந்து சொன்னார்கள். அவர் ஒவ்வொரு நாளும் வரப்போகும் சொல்லை முன்கூட்டிப் பார்க்கலானார். பார்த்தவர் ஒருநாள் 'ப' வரிசையில் உறைந்துபோனார்.

பொன்றுதல். அழிதல், இறத்தல்.

"அப்ரீன், இந்தச் சொல்ல விட்டுட்டு அடுத்ததுக்குப் போவோமா?" என்று வகுப்பில் நைசாகக் கேட்டார்.

"போன பரீட்சைல கேட்டிருக்கான் சார்" என்றாள் அப்ரீன் பானு. அதோடு விடாமல் கீழே போய், டீக்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் பொருளும் சொல்லிவிட்டாள்.

குறித்த நாளில் திருவிழாக் கூட்டம். பிச்சையா கையில் ஸ்பெஷல் டீயோடு வந்து, "சார், அந்தக் கண்ணு சமாச்சாரத்த மனசுல வச்சிக்கிடாதீய" என்று மன்னிப்பு வாங்கிக்கொண்டார். மன்சூர் அலி கைகட்டி நின்றார். மைதீன் எதற்கும் இருக்கட்டும் என்று அந்த நல்ல பையனை வரவழைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் அவன் படிக்கட்டின் முதல் படியில் தயாராக நின்றான்.

சுந்தரராஜ் சொல்லை எழுதினார். பொருளை எழுதினார். 'சுந்தரராஜ்' என்று எழுதினார். சாக்பீஸ் நின்றது. முதுகுக்குப் பின்னால் கடைத்தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இது வெறும் வாக்கியம் என்று தமக்குத் தாமே சொன்னார். வெறும் வாக்கியம் என்றால் ஏன் கை வரவில்லை என்று தாமே கேட்டார்.

தான் பொன்ற முடியாது. தன்னுடையது ஏதாவது பொன்றட்டும் என்று தோன்றியது. பெயருக்குப் பக்கத்தில் '-இன்' என்று ஒட்டினார். சுந்தரராஜின் என்ன? ஸ்கூட்டர்? நடுரோட்டில் லாரிக்கு முன்னால் பொன்றிவிட்டால்? செருப்பு? படியிறங்கும்போது வார் அறுந்தால் கபாலமும் சேர்ந்து பொன்றும். மனைவி என்ற சொல் மனசின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. ஞானதீபம் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள் என்று அதை உடனே விரட்டினார். இழந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும்படி தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

'சுந்தரராஜின் அச்சம் பொன்றியது.'

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரமாகவே நகர்ந்து படிக்கட்டுக்குப் போனார். அப்ரீன் பானு சத்தமாகப் படித்தாள்.

"அப்படின்னா சாருக்கு இனிப் பயமே கெடையாதா?" என்றார் பிச்சையா.

கூட்டம் அவரையே பார்த்தது. பலிக்கும் நேரத்தை யாரும் இதற்குமுன் நேரில் பார்த்ததில்லை. பயம் போன சார் எப்படி இருப்பார், முதலில் யாரை அடிப்பார் என்று முன்வரிசைக்காரர்கள் ஓரடி பின்னே நகர்ந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சங்கரபாண்டியன் தம் ஆளிடமிருந்து காலி பெயிண்ட் டப்பா ஒன்றை வாங்கி, சுந்தரராஜின் முதுகுக்குப் பின்னால் தரையில் ஓங்கிப் போட்டார்.

சுந்தரராஜ் கத்தவில்லை. கத்த நேரமில்லை. ஒரே தாவலில் அந்த நல்ல பையனின் இடுப்பில் ஏறியிருந்தார். பையன் அவரைச் சுமந்தபடி இரண்டு படி சரிந்து உட்கார்ந்தான்.

"பலிக்கலே" என்றார் மன்சூர் அலி.

"எங்க பலிச்சிது? அப்படியேல்லா இருக்காரு" என்றார் பிச்சையா. அவர் நீட்டி வைத்திருந்த ஸ்பெஷல் டீயை அவரே குடித்தார்.

தெரு சிரித்தது. ஷட்டர்கள் மடமடவென்று ஏறின. பொய்ப் பலகை, வெத்துநாக்கு என்று, நேற்றுவரை அவரைப் பார்த்துத் தெருவைச் சுற்றிப் போனவர்களே முதுகில் தட்டினார்கள். சுந்தரராஜும் அந்தப் பையனின் இடுப்பிலிருந்து இறங்கிச் சிரித்துப் பார்த்தார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதற்கு அவருக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான்.

"இருங்கவே" என்றார் சங்கரபாண்டியன். யோசனை வந்தால் அவருக்கு முகம் கோணும், இப்போது கோணியிருந்தது. "இன்னைக்குப் பலிக்கலே, சரி. நாளைக்குப் பலிச்சிட்டுன்னா? என்னைக்காவது ஒருநாள் இவருக்குப் பயம் விட்டுப்போச்சுன்னா?"

சிரிப்பு நின்றது.

"பலகை பலிச்சிட்டுன்னு ஆயிரும்" என்றார் மைதீன் மெதுவாக.

"பொறவு நம்ம கதி?"

அந்தத் தேர்தல் நடக்கவில்லை. தலைவர் மைதீன், செயலாளர் சங்கரபாண்டியன் என்று பேசி முடித்துக்கொண்டார்கள். புதிய நிர்வாகம் ஏகமனதாக எடுத்த முதல் முடிவு, சுந்தரராஜ் சாரின் பயத்தைக் கட்டிக்காப்பது. ஊர் நன்மைக்கான காரியம் என்பதால் கடைக்கு ஒருநாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். மன்சூர் அலி காகிதக் கவரை ஊதிப் பின்னாலிருந்து உடைப்பார். கோமதித்தாயிடம் போன தீபாவளியின் பொட்டுவெடி மிச்சம் இருக்கிறது. சங்கரபாண்டியனுக்குச் சொல்லவே வேண்டாம். முறை வராத நாளில் டவுன் பஸ் டிரைவர் பொதுச்சேவையாக ஹார்ன் அடிக்கிறார். பயிற்சி மையத்தில் வேலை பத்திரமாக இருக்கிறது. நல்ல பையன் ஊருக்குப் போய்விட்டான். சுந்தரராஜ் வேறு ஊருக்குப் போய்விடலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "பயப்படாதீய சார், நாங்க இருக்கோம்" என்றார் மைதீன்.

பலகையில் இப்போது மறுபடியும் கடைத்தெருக்காரர்களின் பெயர்கள் வருகின்றன. யாரும் லட்சியம் செய்வதில்லை. பிச்சையா தன் பெயரைப் பார்த்தும் திரும்பிக்கொண்டு டீ ஆற்றுகிறார். சுந்தரராஜ் மட்டும் காலையில் பலகைக்கு முன் நிற்கும்போது கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டுதான் எழுதுகிறார். சொல் எழுதும்வரை ஒன்றும் நடக்காது. பொருள் எழுதும்போதும் விட்டுவைப்பார்கள். வாக்கியத்தில் பெயர் எழுதும்போதுதான் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும். எந்த எழுத்தில் என்பதுதான் தெரியாது.